அட்டாரி எல்லையை மூடியதில் யாருக்கு நட்டம்?

கேள்வி இது: "2025 ஏப்ரலில் பஞ்சாபின் அட்டாரி எல்லையை மூடி, பாகிஸ்தானுடனான வியாபாரத்தை அடியோடு நிறுத்திவிட்டோம். இதற்குப் பாகிஸ்தான் பணியுமா? நமக்கு ஏதாவது நட்டம் உண்டா? சீனாவோடும்தான் மோதுகிறோம், அங்கே மட்டும் ஏன் வியாபாரம் நிற்பதில்லை?"

மூன்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே காரணம்தான். பாகிஸ்தான் பணியாது. வியாபாரத்தை ஆயுதமாக எடுத்தால் எதிராளிக்கு வலிக்க வேண்டும். வலிக்க வேண்டுமென்றால் அவன் நம்மை நம்பிப் பிழைக்க வேண்டும். பாகிஸ்தான் அப்படி நம்மை நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. நாமும் அவர்களை நம்பியிருந்தோம். அந்தப் பிணைப்பை இரண்டு நாடுகளும் சேர்ந்து 1949-லேயே அறுத்துவிட்டன. அதன் பிறகு எத்தனை முறை எல்லையை மூடினாலும் டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் பெரிதாக வலிப்பதில்லை. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குத்தான் வலிக்கிறது.

1949-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிவினையைப் பற்றிப் பேசும்போது ரயில்களையும் அகதிகளையும்தான் பேசுகிறோம், சணலைப் பேசுவதில்லை.

1947-ல் கோடு போட்டவர்கள் ஒரு பொருளாதாரத்தையும் நடுவில் வெட்டினார்கள். உலகத்துக்கே சாக்கு தைத்துக் கொடுத்த சணல் ஆலைகள் ஏறக்குறைய அத்தனையும் கல்கத்தாவைச் சுற்றி ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய கச்சா சணலில் பெரும்பகுதி விளைந்தது பாகிஸ்தானுக்குப் போன கிழக்கு வங்காளத்தில், அதாவது இன்றைய வங்கதேசத்தில். அங்கே சணல் ஆலை ஒன்றுகூடக் கிடையாது. மேற்கிலும் இதே கதை: நல்ல ரகப் பருத்தி மேற்குப் பஞ்சாபிலும் சிந்துவிலும் விளைந்தது, அதை நூற்று நெய்யும் ஆலைகள் பம்பாயிலும் அகமதாபாத்திலும் இருந்தன. பாகிஸ்தான் ரயில்கள் ஓட வேண்டிய நிலக்கரி இந்தியச் சுரங்கங்களிலிருந்து போயிற்று. பிரிவினைக்குப் பிறகும் 1948 பிப்ரவரி முடியும்வரை இரண்டு நாடுகளுக்கும் நடுவே சுங்கச் சுவரே கிடையாது. அந்த ஆண்டு ஜூன் வரை பாகிஸ்தானில் இந்திய ரூபாய்தான் புழங்கியது. பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் வாங்கிய நாடு இந்தியா. அப்போது எழுதப்பட்ட 'காட்' (GATT) என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்திலேயே இந்த இரண்டு நாடுகளுக்கும் தனி விலக்கு ஒன்று உண்டு: தங்களுக்குள் சிறப்பு வர்த்தக ஏற்பாடு எதையும் செய்துகொள்ளலாம், மற்ற நாடுகளுக்கும் அதே சலுகையைத் தரவேண்டியதில்லை என்று. அந்த வரி இன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பயன்படுத்துவாரில்லை.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. இந்தியாவும் உடனே அதே விகிதத்தில் ரூபாயைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. எங்கள் சணலுக்கும் பருத்திக்கும் உலகமே வரிசையில் நிற்கிறது, விலையை நாங்கள் ஏன் குறைக்க வேண்டும் என்பது அன்றைய தலைநகர் கராச்சியின் கணக்கு. தனி நாடாகி இரண்டே ஆண்டுகள் ஆன அரசுக்கு அதில் மானப் பிரச்சினையும் இருந்தது. நேற்றுவரை ஒரே நாணயம், இன்றைக்கு 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய். கல்கத்தா ஆலைக்காரர்களுக்கு ஒரே இரவில் கச்சா சணல் 44 சதவீதம் விலையேறிவிட்டது.

அந்த மாற்று விகிதத்தை இந்தியா ஏற்கவில்லை. வியாபாரம் நின்றது. ஏற்கெனவே விலை பேசி முடித்த சணல் கிழக்கு வங்காளத்தில் தடுத்து வைக்கப்பட்டதாக இந்தியா குற்றம் சாட்டியது; டிசம்பரில் நிலக்கரியை நிறுத்தியது. பாகிஸ்தான் நிலக்கரியைக் கடல் கடந்து வாங்கத் தொடங்கியது. சணல் விவசாயி விலை கிடைக்காமல் திண்டாடிவிடக் கூடாதென்று அங்கே சணல் வாரியம் ஒன்றை அமைத்துக் கொள்முதலில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் 'அவர்கள் முதலில் இறங்கி வரட்டும்' என்று காத்திருந்தன.

இறங்கி வந்தது இந்தியா. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் உலகச் சந்தையில் சணலும் பருத்தியும் எகிறின. பாகிஸ்தானின் பிடிவாதம் சரியான கணக்குப்போலத் தோன்ற ஆரம்பித்தது. 1951 பிப்ரவரியில் இந்தியா அந்த 144 ரூபாயை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் போட்டது. நான்கே ஆண்டுகளில், 1955-ல், பாகிஸ்தானே தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்து இந்திய ரூபாய்க்குச் சமமாகக் கொண்டுவந்தது. ஆக, எந்த நாணயக் கணக்குக்காக அவ்வளவு சண்டை போட்டார்களோ அதுவே இல்லாமல் போயிற்று. சண்டை விட்டுச்சென்ற விளைவுகள்தான் நிலைத்தன.

என்ன விளைவுகள்? இந்தியா மேற்கு வங்கம், அசாம், பீகாரில் நெல் விளைந்த நிலத்தையும் சணலுக்குத் திருப்பியது. சாப்பாட்டுக்கே அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு இதைச் செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம், டாக்காவுக்கு அருகே நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலை எழுந்தது. 1951-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை பின்னர் உலகின் மிகப் பெரிய சணல் ஆலை என்று பெயர் வாங்கியது. மேற்கே பருத்தி ஆலைகள் கராச்சியிலும் லயல்பூரிலும் (இன்றைய பைசலாபாத்) வரிசையாக வந்தன. பம்பாய் ஆலைகள் எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பஞ்சு தேடிப் போயின. பத்தே ஆண்டுகளில், ஒன்றுக்கொன்று துணையாக இருந்த இரண்டு பொருளாதாரங்கள் ஒரே பொருளை ஒரே வெளிநாட்டுச் சந்தையில் விற்கும் போட்டியாளர்களாகிவிட்டன. இன்றைக்கு அமெரிக்கக் கடையில் துண்டும் படுக்கை விரிப்பும் விற்பதில் நமக்குப் போட்டி பாகிஸ்தான் என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது.

பாகிஸ்தான் தனக்கென்று ஆலை கட்டிக்கொண்டது தவறே இல்லை. எந்தப் புதிய நாடும் அதைச் செய்யும், செய்ய வேண்டும். ஆனால் மெதுவாக, லாப நட்டம் பார்த்து நடந்திருக்க வேண்டிய ஒன்று, கோபத்திலும் அவசரத்திலும், 'இனி அவனிடம் கை நீட்டக் கூடாது' என்ற வைராக்கியத்தில் நடந்தது. அந்த வைராக்கியத்தை ஊட்டியதில் நமக்கும் பாதிப் பங்கு உண்டு.

இதற்குப் பிந்தைய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1965 போரோடு வியாபாரம் நின்றது; மறுபடி துளிர்க்க 1974 வரை ஆயிற்று. 1996-ல் 'வர்த்தக உறவுக்கு உகந்த நாடு' என்ற தகுதியை இந்தியா பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. பெயர்தான் பெரிது; உலக வர்த்தக அமைப்பில் எல்லோருக்கும் பொதுவாகத் தரும் வரிவிகிதத்தைத் தருவது, அவ்வளவே. பாகிஸ்தான் கடைசிவரை அதைத் திருப்பித் தரவில்லை. காஷ்மீர் தீராமல் கூடாது என்றார்கள். பெரிய நாட்டுச் சரக்கு வந்தால் எங்கள் தொழில் அழியும் என்றும் சொன்னார்கள். 2012-ல், எதெல்லாம் வரலாம் என்ற பட்டியலைத் தலைகீழாக்கி, இந்த 1,209 பொருள்கள் தவிர மற்றதெல்லாம் வரலாம் என்று ஒரு படி இறங்கினார்கள். ஆனால் அட்டாரிக்கு எதிரே பாகிஸ்தான் பக்கத்திலுள்ள வாகா தரைவழியில் 137 பொருள்களுக்கு மட்டுமே அனுமதி தொடர்ந்தது. கார் உதிரிபாகமோ மருந்துக்கு வேண்டிய ரசாயனமோ அமிர்தசரஸிலிருந்து லாகூருக்கு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நேராகப் போக முடியாது. மும்பைக்கு ரயிலேறி, கப்பலில் கராச்சிக்குப் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். இல்லையென்றால் துபாய்க்குப் போய், எந்த நாட்டுச் சரக்கு என்ற சீட்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும். 'நேரடி வியாபாரம் இல்லை' என்று அறிவித்த காலத்திலும் இந்தியச் சரக்கு பாகிஸ்தான் கடைகளில் கிடைத்ததன் ரகசியம் இந்தத் துபாய் வழிதான். அதில் நடுத்தரகனுக்குக் காசு, இரண்டு நாட்டு நுகர்வோருக்கும் கூடுதல் விலை.

தரைவழி எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2007 வரை லாரி எல்லையைத் தாண்டக் கூடாது. இந்திய லாரி எல்லைக் கோட்டுக்கு முன்னால் நிற்கும். இந்தியச் சுமைக்காரர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கோடு வரை நடப்பார். எதிரே பாகிஸ்தான் சுமைக்காரர் வந்து நிற்பார். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மூட்டை மாறும். தக்காளிக் கூடையும் வெங்காய மூட்டையும் இப்படித்தான் நாடு மாறின. பிறகு லாரிகள் தாண்டின. 2012-ல் அட்டாரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறந்தார்கள். அதை நம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கும் தொழிலாளர்கள், லாரிக்காரர்கள், சுங்கத் தரகர்கள், சாலையோர தாபாக்காரர்கள் என்று ஓர் ஊரே பிழைத்தது.

2019 பிப்ரவரி 14-ல் புல்வாமா தாக்குதல். 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களைப் பறிகொடுத்தோம். மறுநாளே 'உகந்த நாடு' தகுதி ரத்து. அதற்கடுத்த நாள் பாகிஸ்தான் சரக்கு அத்தனைக்கும் 200 சதவீதத் தீர்வை. கோபம் நியாயமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018-19-ல் நாம் அங்கே விற்றது ஏறக்குறைய 207 கோடி டாலர் சரக்கு. வாங்கியது 50 கோடி டாலருக்கும் குறைவு. பாகிஸ்தானின் மொத்த ஏற்றுமதியில் அது சிறு துண்டு. அதை வெட்டினால் ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்துக்கு ஒரு நாள் தூக்கம்கூடக் கெடாது. கெட்டது சிந்து மாகாணம் கைர்பூரில் பேரீச்சை காயவைத்து இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த விவசாயிக்கு. ஆகஸ்டில் 370-ஆவது பிரிவு விவகாரத்தில் பாகிஸ்தான் தன் பங்குக்கு மொத்த வியாபாரத்தையும் நிறுத்தியது. செப்டம்பரிலேயே மருந்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க நேர்ந்தது, ஏனென்றால் அங்கே மருந்து ஆலைகளுக்கான மூலப்பொருள் நம்மிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2021 மார்ச் 31-ல் அவர்களுடைய பொருளாதார ஒருங்கிணைப்புக் குழு இந்தியப் பருத்தியும் சர்க்கரையும் வாங்க ஒப்புதல் தந்தது. ஏப்ரல் 1-ல் அமைச்சரவை அதைத் தள்ளுபடி செய்தது. 2022 பெருவெள்ளத்தில் காய்கறி அழிந்து விலை ஏறியபோது இந்தியாவிலிருந்து வாங்கலாமா என்று நிதியமைச்சர் மிஃப்தா இஸ்மாயில் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை, ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் தக்காளியும் வெங்காயமும் வந்தன. அமிர்தசரஸ் மண்டி பக்கத்திலேயே இருந்தது.

பிறகு 2025 ஏப்ரல் 22, பஹல்காம். 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அட்டாரி சாவடியை மூடினோம். ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பாகிஸ்தான் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போய்வரும் சரக்கு உட்பட, இந்தியாவுடனான வியாபாரம் எல்லாவற்றையும் நிறுத்தியது. மே 2-ல் நாமும் பாகிஸ்தானிலிருந்து நேரடி, மறைமுக இறக்குமதி எல்லாவற்றையும் தடை செய்தோம்.

நமக்கு என்ன நட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் இந்துப்பு பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இளஞ்சிவப்பு 'இமாலய உப்பு' என்று கூடுதல் விலைக்கு விற்பதும் அதேதான். 2025 தடைக்குப் பிறகு வரத்து குறைந்து விலை ஏறியது. பெருங்காயத்தின் கதை வேறு. அதன் கச்சாப் பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது, உலர் திராட்சையும் பாதாமில் ஒரு பகுதியும் அப்படியே. சாவடி மூடும்வரை ஆப்கான் லாரிகள் பாகிஸ்தானைக் கடந்து அட்டாரிக்கு வரும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும், ஏனென்றால் இந்தியச் சரக்கைத் தரைவழியாக ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோகப் பாகிஸ்தான் விடுவதில்லை. சாவடி மூடியதும் இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஆப்கான் வியாபாரிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். மே மாத நடுவில் சுமார் 160 லாரிகளை மட்டும் தனி அனுமதியில் உள்ளே விட்டோம்.

இவையெல்லாம் சில்லறை நட்டங்கள், நாடு தாங்கும். கண்ணுக்குத் தெரியாத நட்டம் பெரிது. 2018-ல் உலக வங்கி போட்ட கணக்கில், செயற்கைத் தடைகள் இல்லையென்றால் அப்போது 200 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்த இருநாட்டு வியாபாரம் 3,700 கோடி டாலரை எட்டும். மதிப்பீடுதான், முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளி முழுக்க நடக்காமல் போன வியாபாரம். நடக்காத வியாபாரத்துக்குச் சங்கம் கிடையாது, அது கோரிக்கை மனு கொடுக்காது.

சீனா பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். செயலிகளைத் தடை செய்தோம், சீன முதலீட்டுக்குக் கடிவாளம் போட்டோம். வியாபாரம்? 2021-ல் 12,500 கோடி டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. மருந்து ஆலைகளுக்கு மூலப்பொருள், கைபேசிக்கு உதிரிபாகம், சூரிய மின்தகடு என்று எதை நிறுத்தினாலும் இங்கே ஆலை நிற்கும், வேலை போகும், அமைச்சர் வீட்டு வாசலில் தொழில் சங்கம் வந்து நிற்கும். பாகிஸ்தானோடு நிறுத்தினால் வந்து நிற்க யாரும் இல்லை, அட்டாரிச் சுமைக்காரரைத் தவிர. நிறுத்துவது மலிவாக இருப்பதால் நிறுத்துகிறோம். அடிக்கடி நிறுத்துவதால் எந்த வியாபாரியும் துணிந்து பணம் போடுவதில்லை. வியாபாரம் இன்னும் சிறுக்கிறது, அடுத்தமுறை நிறுத்துவது இன்னும் மலிவாகிறது.

எதிர்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2019 ஜூனில் பாகிஸ்தானிலிருந்து வந்த பாறை உப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் அட்டாரியில் பிடிபட்டது. காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து 2008 முதல் 21 வகைப் பொருள்களுக்கு நடந்த பண்டமாற்று வியாபாரத்தையும், ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளநோட்டும் வருகின்றன என்று சொல்லித்தான் 2019 ஏப்ரலில் அரசு நிறுத்தியது. பாதுகாப்புக் கவலை கற்பனையல்ல. ஆனால் லாரியை முழுசாக ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் அட்டாரியில் சாவடி திறந்து பல ஆண்டுகள் வரை இல்லை என்பதும் உண்மை. கடத்தலுக்கு மருந்து கருவியும் ஆளும் கண்காணிப்பும். அந்த ஹெராயினைப் பிடித்ததே சுங்கச் சாவடியில்தானே. சாவடி இல்லாத வயல்வெளியில் ட்ரோன் போட்டுவிட்டுப் போகும் பொட்டலத்தைப் பிடிப்பது அதைவிடக் கடினம் என்று பஞ்சாப் போலீசுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

பாகிஸ்தான் விஷயத்தில் விட்டதை உடனே பிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. என் கவலை கிழக்கே இருக்கிறது. வங்கதேசத்தோடு நமக்கு இருப்பது பல்லாயிரம் கோடி ரூபாய் புரளும் உயிருள்ள வியாபாரம். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவர் இந்தியா வந்ததிலிருந்து உறவு கசந்தது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில், வங்கதேசச் சரக்கு நம் விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை நிறுத்தினோம். அதே மாதம் அவர்கள் இந்திய நூல் தரைவழியாக வருவதற்குத் தடை போட்டார்கள். மே மாதத்தில் அவர்களுடைய ஆயத்த ஆடை தரைவழி வரக் கூடாது என்றோம். ஜூன் 27-ல் சணல் பொருள்களுக்கும் அதே தடை: மேற்கு வங்க எல்லையிலுள்ள பெட்ராபோல் வழியாகச் சில மணி நேரத்தில் கல்கத்தா சேர்ந்துவிடும் சணல், கப்பலேறி இலங்கையைச் சுற்றி மும்பைக்குப் பக்கத்திலுள்ள நவசேவா துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது நேரடிச் சங்கதி. வங்கதேச ஆடை ஆலைகள் பின்னும் துணிக்கு நூல் கொடுப்பதில் முதலிடம் இந்தியாவுக்கு. அதில் கோவை, திண்டுக்கல் பக்கத்து மில் நூலும் உண்டு. கடல்வழி திறந்திருப்பதால் தெற்கத்தி மில்களுக்கு உடனடி அடி இல்லை. ஆனால் அந்த நூல் தடையைக் கேட்டு வாங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்: வங்கதேசத்து உள்நாட்டு நூற்பாலைக்காரர்கள். 1950-ல் நாராயண்கஞ்சில் ஆலை எழும்ப என்ன தேவைப்பட்டதோ அது அவர்களுக்கு இப்போது கிடைத்திருக்கிறது: இந்தியாவை நம்ப முடியாது என்ற பேச்சும், அந்தப் பேச்சுக்குத் தினமும் தீனி போடும் அறிவிப்புகளும். நூலுக்கும் சணலுக்கும் போட்ட தரைவழித் தடைகளை இரண்டு அரசுகளும் ஒரே நாளில், ஒன்றுக்கு ஒன்றாக விலக்கிக்கொள்ள வேண்டும் என்று மில் சங்கங்கள் கேட்க வேண்டும். டாக்காவில் புதிய நூற்பாலைகளுக்கு வங்கிக் கடன் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்க வேண்டும்.